குதிகாலுக்கு ஒரு கிரைண்டர் மோட்டார்

என் மனைவி சவேரியம்மாள் முப்பது வருஷம் சோமனூரில் விசைத்தறி ஓட்டினாள். நாலு தறிக்கு ஒரு ஆள். நாலுக்கும் நடுவில் சிமென்ட் தரையில் நின்றும் நடந்தும் ஒரு ஷிப்டு கழியும். அந்த நடையை ஒரே நேராக நடந்திருந்தால் வேளாங்கண்ணிக்குப் பலமுறை போய்த் திரும்பியிருப்பாள். தறிக்கும் தறிக்கும் நடுவிலேயே நடந்ததால் எங்கும் போய்ச் சேரவில்லை. குதிகால் மட்டும் கெட்டியானது. வேலிக்காத்தான் முள்ளை அவள் மிதித்தால் முள்ளின் முனை மழுங்கிவிடும். அப்படி மழுங்கிய முள் ஒன்றை எங்கள் தெருக்காரர் ஒருவர் பத்திரமாக எடுத்துவைத்து, பல் குத்தப் பயன்படுத்தி வந்தார்.

அப்பேர்ப்பட்ட குதிகாலுக்குள் வலி எப்படி நுழைந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. தொண்ணூற்று நாலாம் வருஷம், ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு காலை கட்டிலைவிட்டு இறங்கியவள் முதல் அடியிலேயே ‘ஸ்ஸ்’ என்றாள்.

“என்ன புள்ள?”

“ஒண்ணுமில்லீங்க. பல்லி.”

மறுநாளும் அதே பல்லி கத்தியது. அடுத்த நாளும். எங்கள் வீட்டுப் பல்லிகள் வாயில்லாப் பூச்சிகள். நான் அறிந்தவரை ஒன்றுகூட அதற்கு முன் கத்தியதில்லை. தினமும் விடியற்காலையில் அந்தச் சத்தத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். வந்ததும் என் குதிகாலில் ஆணி இறங்கும்.

கடைசியில் கோயமுத்தூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் காலை அமுக்கிப் பார்த்தார். அறைக்குள் பல்லி பலமாகக் கத்தியது.

“தினமும் எண்ணெய் போட்டு, குதிகாலை நல்லா அழுத்தி உருவி விடணும். வீட்டில் யார் இருக்கிறாங்க?” என்றார் டாக்டர்.

“மவ அன்புச்செல்வியை ஈரோட்டுல கட்டிக் குடுத்தாச்சுங்க. இப்ப நான் இருக்கறனுங்க” என்றேன்.

“அப்போ பிரச்சினையே இல்லை” என்று சொல்லி மணியை அடித்தார். அவருக்கு எலும்பு தெரியும். சவேரியம்மாளைத் தெரியாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே அவள் ஆரம்பித்தாள்.

“என்ற காலை நீங்க தொடறதாவது! ஊரு சிரிக்கும்.”

“ஊரை எதுக்குக் கூப்படறே? கதவைச் சாத்திக்கலாம்.”

“மேல இருக்கறவரு பாக்க மாட்டாராக்கும்?”

“அவரே பன்னெண்டு பேர் காலைக் கழுவினவரு. போன பெரிய வியாழக்கிழமை மாதா கோயில்ல சாமியாரு என்ற காலைக் கழுவி, துண்டுல தொடச்சு, முத்தம் குடுக்கலியா? நீயுந்தான முன்னால உக்காந்து பாத்துட்டிருந்தே.”

“அது பூசைங்க. கழுவினது பன்னெண்டும் ஆம்பளைக் காலு. எந்த அப்போஸ்தலரு பொண்டாட்டி காலை அமுக்கி உட்டாரு? வேதத்துல இருந்தா எடுத்துக் காட்டுங்க.”

தேடிப் பார்த்தேன். இல்லை. அப்போஸ்தலர்களுக்கு அதற்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு சமரசம் ஏற்பட்டது. கை படக் கூடாது; உருளுகிற சாமான் எதுவானாலும் படலாம். சப்பாத்திக் கட்டையைக் கொடுத்தேன், சோற்றுச் சாமானைக் காலில் போடுவதா என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். பக்கத்துத் தெருவில் பெட்டிக்கடை வைத்திருந்த ஷேக் பரீத்திடம் ஒரு காலி கோலிசோடா பாட்டில் வாங்கி, கனத்துக்காக அதில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலைக் காலடியில் போட்டு உருட்டினாள். முன்னாலும் பின்னாலும் ஒரு மத்தியானம் முழுக்க உருட்டினாள். உருட்டிய உருட்டில் உள்ளே காஸ் ஏறி, கோலி தானாக மேலே வந்து கழுத்தை அடைத்துக்கொண்டது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது ஷேக் பரீத் சந்தேகத்தோடு அதை உடைத்து ஒரு மடக்குக் குடித்தார். ஏப்பம் விட்டார். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணே, அக்காவுக்குக் கால்வலி எத்தனை நாளைக்கு இருக்குமுங்க? ஒரு பெட்டி பாட்டில் கொண்டாந்து வெக்கட்டுங்களா?” என்றார். அவருடைய வியாபாரம் செழித்திருக்கும். மறுநாள் காலை பல்லி கத்தியதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி லேத்துப் பட்டறைதான் கதி என்று கோயமுத்தூர் கணபதிக்குப் போனேன். அங்கே பட்டறை வைத்திருந்தவர் சென்னகிருஷ்ணன். நான் விசைத்தறிக் கூடங்களில் பிட்டராக அலைந்த காலத்தில் உடைந்துபோன பல்சக்கரங்களை அவரிடம்தான் கொண்டுபோய்க் கடைந்து வாங்குவேன். தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினேன். ஊடை நூல் சுற்றுகிற பழைய தார்க்கட்டைகளை ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்து, இரண்டு பக்கமும் கட்டை வைத்து நிறுத்த வேண்டும். தார்க்கட்டையில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அதன்மேல் காலை வைத்து உருட்டினால் உள்ளங்கால் முழுக்க இதமாக வருடும். அவ்வளவுதான்.

சென்னகிருஷ்ணன் படத்தைச் சுற்றி நடந்தார்.

“எல்லாஞ் சரிங்ணா. மோட்டாரு எங்க?”

“மோட்டாரு இல்லப்பா. காலால உருட்டறது.”

“காலால உருட்டறதுக்கு நானெதுக்குங்ணா? கோயமுத்தூர்ல பட்டறை வெச்சுட்டு மோட்டார் இல்லாம ஒரு சாமானை வெளிய அனுப்பினா, நாளைக்கு நாலு பேர் மூஞ்சீல எப்படிங்ணா முழிக்கறது?”

ஒரு வாரம் கழித்துச் சாமானை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். தார்க்கட்டைகளுக்கு நடுவில் கம்பிக்குப் பதிலாகத் தறியின் இரும்பு உருளையை அறுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் ஈரமாவு கிரைண்டரின் மோட்டார் ஒன்று பெல்ட்டோடு நின்றது. எல்லாவற்றையும் எங்கள் முன்னறைத் தரையில் போல்ட் அடித்து இறுக்கினார். சாதாரண நாற்காலி இதற்கு மரியாதையாக இருக்காது என்று, மூடிப்போன ஒரு மில்லின் ஏலத்தில் எடுத்த மேனேஜர் நாற்காலியையும் கொண்டுவந்திருந்தார். அடியில் சக்கரம் வைத்தது.

சவேரியம்மாள் அதில் உட்கார்ந்து இரண்டு காலையும் உருளைமேல் வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“போடட்டுங்களா அக்கா?”

“போடுங்க தம்பி.”

போட்டார். உருளை தரையில் இறுகி இருந்தது, நாற்காலி இறுகி இருக்கவில்லை. இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நாற்காலி பின்பக்கமாக வாசலைத் தாண்டியது, தெருவில் இறங்கியது, மெயின் ரோட்டுக்குத் திரும்பியது. ரேஷன் கடை வரிசையில் நின்ற பழனியாத்தாள், “எங்க அம்மணி, சேரோட?” என்று கேட்டிருக்கிறாள். “சும்மா இப்படித்தானுங்க” என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் ரேஷன் கடை சிறுத்துப் புள்ளியாகிவிட்டதாம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்தினேன். நான் மூச்சு வாங்கக் கருமத்தம்பட்டியை நெருங்கும்போது எதிரே வந்த டவுன் பஸ்ஸின் ஜன்னலில் சவேரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி பஸ்ஸின் கூரைமேல் இருந்தது. கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் புளியமர நிழலாகப் பார்த்து நாற்காலி தானே நின்றதாம். கண்டக்டர் வாட்டசாட்டமான ஆள். எதற்கும் அசரவில்லை. “ஏறுங்கம்மா, சேருக்கு மட்டும் லக்கேஜ் போடோணும்” என்றாராம்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “வலி எப்படி இருக்குது?”

“போறப்ப துளிகூடத் தெரியலீங்க” என்றாள். “காலுதான் தரையிலயே படலியே.”

மறுநாள் விடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். பல்லி கத்தியது.

அன்றே மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிட்டாள். சென்னகிருஷ்ணன் கன்றுக்குட்டியை விற்றவர் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு போனார். மிச்சம் இருந்தது உருளை மட்டும். மோட்டாருக்கென்று செய்ததால் நல்ல கனம். வலிக்கிற காலால் அவளால் அதை அசைக்க முடியவில்லை. நான் ஒரு முக்காலியை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். என் காலை உருளையின் இந்தப் பக்கம் வைத்துத் தள்ளினேன். உருளை சுழன்றது. அந்தப் பக்கம் சும்மா வைத்திருந்த அவள் காலை அது வருடிக்கொண்டே போனது.

“ஏனுங்க, இது நல்லாருக்குதுங்க” என்றாள்.

கிரைண்டர் மோட்டாருக்குக் கிடைக்காத பாராட்டு அது. தினமும் சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தோம். வலி ஓரளவு தணிந்தது, ஆனால் குதிகாலின் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. உருளை மேலாகத்தான் வருடியதே தவிர, அந்த முடிச்சுக்குள் இறங்கவில்லை. அதற்குக் கட்டைவிரல் வேண்டும். என்னிடம் இரண்டு இருந்தன. சும்மாதான் இருந்தன.

ஒருநாள் வேகமாகத் தள்ளும்போது என் கால் வழுக்கி அவள் காலில் இடித்துவிட்டது. யோசிக்கவே இல்லை. யார்மேல் கால் பட்டாலும் செய்கிற மாதிரி, சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவள் விறைத்துப்போனாள். “என்னங்க இது!”

“கால் பட்டுப் போச்சுல்ல.”

“அதுக்கு? நீங்க போயி என்ற காலை...”

“பட்டா தொட்டுக் கும்புடோணும்னு எங்கம்மா சொல்லித்தான வளத்துச்சு. எங்கம்மா சொன்னது தப்புங்கறயா?”

சவேரியம்மாள் வேதத்தை எதிர்த்துக்கூடக் கேள்வி கேட்பாள். மாமியார் வார்த்தையை எதிர்த்து ஒரு சொல் பேச மாட்டாள்.

மறுநாளிலிருந்து எனக்குத் திடீரென்று வயதாகிவிட்டது. கால் நிதானத்தில் நிற்பதில்லை. உருட்ட உட்கார்ந்தால் இரண்டு தள்ளலுக்கு ஒருதரம் அவள் காலில் போய் இடிக்கும். இடித்தால் தொடாமல் விடுவது மரியாதை இல்லை. முதலில் விரல்நுனியால் தொட்டேன். விரல்நுனியால் தொடுவது அரைகுறை மன்னிப்பாகத் தோன்றியதால் உள்ளங்கையால் தொட்டேன். காலின் மேல்பக்கத்தை மட்டும் தொட்டால் குதிகால் என்ன நினைக்கும் என்று அதையும் பிடித்தேன். ஒரு வாரத்தில் ரேடியோவில் மாநிலச் செய்தி தொடங்கும்போது கேட்க ஆரம்பித்த மன்னிப்பு வானிலை அறிக்கை வரைக்கும் நீண்டது. வறண்ட கையால் மன்னிப்புக் கேட்பது முறையல்ல என்பதால் உள்ளங்கையில் கொஞ்சம் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டேன். கண்ணில் ஒற்றியதில் என் இமைமுடியெல்லாம் கருகருவென்று வளர்ந்துவிட்டது. என் சித்தப்பா மகன் என்னைப் பார்த்து மை போட்டிருக்கிறேனா என்று கேட்டான்.

அந்த முடிச்சு தினம் ஒரு சுற்று இளகியது. பல்லியின் குரலும் கம்மியது. சில விடியலில் வாயைத் திறந்து யோசித்துவிட்டுப் பேசாமல் போய்விடும். நான் குனியும்போதெல்லாம் சவேரியம்மாள் தலையைத் திருப்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்ப்பாள். மாசம் முடிவதற்குள் வருஷம் முழுக்கப் படித்திருப்பாள்.

அப்போதுதான் சென்னகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். உருளை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஓட்டிக் காட்டினோம். என் கால் பழக்கத்தில் போய் இடித்தது. அவர் கண் அகலமாயிற்று.

“அட, டிசைன்லயே தப்புங்ணா! கால் இடிக்குது பாருங்க.”

“எப்பவாச்சும்தானப்பா” என்றேன்.

“எப்பவாச்சும் ஆனாலும் தப்பு தப்புதானுங்ணா. நடுவுல ஒரு தகடு நிறுத்திப்போட்டா நீங்க அக்கட்டால, அக்கா இக்கட்டால. ஒருத்தர் காலு ஒருத்தர் மேல படவே படாது. சாயங்காலமே கொண்டாந்து மாட்டிப்போடறேன்.”

டேப்பை இழுத்து அளக்கவும் ஆரம்பித்துவிட்டார். எனக்கு வெசனமாகிவிட்டது. தகடு மழைக்காலத்தில் ஜில்லிடும் என்றேன், ரப்பர் ஒட்டித் தருவதாகச் சொன்னார். வீட்டின் அழகு கெடும் என்றேன், பச்சைப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். தகட்டில் இடி இறங்கும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஒரு எர்த் கம்பி போதும் என்றார். கெட்டிக்காரரைச் சிநேகம் வைத்துக்கொண்டால் இதுதான் தொல்லை.

அடுப்படியிலிருந்து சவேரியம்மாள் காபியோடு வந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு டேப்பை வாங்கி, சுருட்டி, அவர் சட்டைப் பையிலேயே போட்டாள்.

“தகடெல்லாம் வேண்டாங்க தம்பி.”

“கால் இடிக்குதுங்களே அக்கா.”

“இடிச்சுட்டுப் போகுதுங்க.”

“அது மெசினோட குறைங்க அக்கா.”

“இருக்கட்டுங்க. இந்த மெசின்ல உருப்படியா வேலை செய்யறது அது ஒண்ணுதானுங்க.”

நான் மோட்டுவளையைப் பார்த்தேன். அங்கே ஒரு பல்லிகூட இல்லை. சென்னகிருஷ்ணன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். லேத்தில் ஏறாத சமாச்சாரம் என்று நினைத்தாரோ என்னவோ, காபியைக் குடித்துவிட்டு, “வாரனுங்க” என்று கிளம்பிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு காலையும் உருளைமேல் வைத்தாள். நான் என் காலைத் தள்ளி, அடக்க ஒடுக்கமாக ஓரத்தில் வைத்துக்கொண்டேன். உருளை சுற்றவே இல்லை. அவள் கால் மெல்ல நகர்ந்து வந்து என் காலை ஒரு இடி இடித்தது.

“பட்டுப் போச்சுங்க” என்றாள்.

“பரவால்ல.”

“எப்படிப் பரவால்ல? தொட்டுக் கும்புடோணுமல்லங்க. எனக்குக் குனிய முடியலீங்க” என்று சொல்லி, காலண்டர் பக்கம் திரும்பாமல், என் முகத்தைப் பார்த்தபடியே இடது காலை எடுத்து என் மடியில் வைத்தாள். “எனக்கும் சேத்து நீங்களே தொட்டுக்கங்க.”