ஒட்டில் நின்றவன்

படம் எடுப்பவன் கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். வீட்டிலும் எனக்கு அந்த இடத்தைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். சங்கராபுரத்துக் கோகிலவாணியை மதம் மாறச் சொல்லாமல் கட்டிக்கொண்டதிலிருந்து அப்பா தைரியநாதன் என்னோடு பேசுவதில்லை. அண்ணன் லாரன்ஸ் வெள்ளிமலையில் கட்டிய சுற்றுலா விடுதியை ஃபாதர் மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த அன்று என்னைக் கூப்பிட்டதும் தம்பி என்பதால் அல்ல. கள்ளக்குறிச்சியில் 360 டிகிரி கேமராவை வாங்கிவைத்த முட்டாள், அவனுக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அது சுற்றிலும் உள்ள எல்லாவற்றையும் உருண்டையாகப் பிடிக்கும். நடுவில் நட்டுவிட்டு, செல்போனில் அமுக்கிவிட்டு, மரத்துக்குப் பின்னால் ஒளிவது என் வழக்கம். லாரன்ஸ் மரத்தையெல்லாம் வெட்டியிருந்தான். குடும்பம் கேமராவைச் சுற்றி வட்டமாக நின்றது. அப்பாவுக்கும் தங்கை ஜூலியாவுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விடச் சொன்னேன். உருண்டையின் ஒட்டு அது; கணினியில் விரித்துப் பட்டையாக்கும்போது அங்கேதான் அறுபடும். அங்கே நிற்பவர் பாதி இடது ஓரத்திலும் பாதி வலது ஓரத்திலும் விழுவார். அந்த இடத்தில் நானே போய் நின்றேன். இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டினால் நான் காலி என்று கணக்கு. வெட்டினால் உருண்டை மூடாது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வரவில்லை என்றுதான் கோகிலவாணியிடம் சொன்னேன்.

செல்போனில் படத்தைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு பாதியும் சேர்ந்துகொண்டு, அப்பாவின் தோளை உரசியபடி முழுசாக நிற்கிறேன்.

ஜூலியாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் யாரிவன் என்று கேட்பார்கள், உன்னைப் படத்திலிருந்து எடுத்துவிடு என்றான் லாரன்ஸ். எடுக்க வரவில்லை. மென்பொருளுக்கு அது வெறும் நீளப் படம். இரண்டு பாதியையும் தனித்தனியாக அழித்துச் சேர்த்தால் தரையிலிருந்து வானம் வரை ஒரு விரிசல். சேமித்தாலோ, தான் உருண்டை என்பதையே படம் மறந்துவிடும். மென்பொருள் கம்பெனிக்கு என் ஓட்டை ஆங்கிலத்தில் எழுதினேன்: ஓரத்தைத் தாண்டித் தூரிகை போக வேண்டும், உருண்டை உருண்டையாகவே இருக்க வேண்டும். எழுதிவிட்டு, மாதாவே, அவர்கள் மெதுவாகச் செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அதுவரை இருக்கட்டும் என்று லாரன்ஸ் அந்தப் படத்தையே விடுதியின் இணையப் பக்கத்தில் போட்டுவைத்தான். கோகிலவாணி அடிக்கடி அதைத் திறந்து விரலால் சுற்றுவாள். "உங்கப்பா பக்கத்துல நல்லாதான் கீறீங்க," என்பாள்.

மழைக்காலம் முடிந்ததும் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. நான் கேட்டதெல்லாம் இருந்தது. உருண்டையை எந்தப் பக்கமும் திருப்பி, ஒட்டை நேரே முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். மனு போட்டு வாங்கிவிட்டு, தெரியாது என்று சொல்ல முடியுமா? டீ ஆறுவதற்குள் நான் இல்லை. விரிசல்கூட இல்லை. லாரன்ஸுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அப்பாவிடமிருந்து போன். என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. என் போட்டோக் கடையில் எழுந்து நின்றுகொண்டேன்.

"ராபினு, எனக்கும் ஜூலியாவுக்கும் நடுவுல காலியா கீதே. பல்லு போன மாதிரி."

"ஆமாம்ப்பா." அடுத்து என்ன சொல்வார் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ஒரு செடி கிடி வச்சுடேன்."

"இன்னா செடிப்பா?"

"உன் இஷ்டம்," என்று வைத்துவிட்டார்.

குரோட்டன்ஸ் வைத்தேன். அப்பாவின் தோளை உரசாமல், கொஞ்சம் தள்ளியே.