நான்கு மணி நேரப் புத்தகம்

வாரத்தில் மூன்று நாள் என் ரத்தம் முழுவதையும் வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுகிறார்கள். டெட்ராய்டின் கிழக்குப் பக்கத்தில் என்னைவிடச் சுத்தமான ரத்தம் உள்ள ஆண்பிள்ளை கிடையாது. அந்த ரத்தத்தின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

என் பெயர் லெமுவல் காஸ்கின். கிராஷியட் சாலையில் முன்பு செருப்புக் கடையாக இருந்த கட்டடத்தில்தான் எங்கள் டயாலிசிஸ் கூடம். திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணி. ஐந்தாம் நாற்காலி எனக்கு. ஆறாவது லாட்ரிஸ் குக்ஸி. ஏழாவது மிஸ் ஆர்னெட்டா பிகின்ஸ். மொத்தம் பதினாறு நாற்காலிகள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இயந்திரம் கிடையாது. ஆட்கள் போவது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான். திங்கள் காலை நாற்காலியைத் துடைத்து வேறொருவரை உட்கார வைத்திருப்பார்கள். நாங்கள் கேட்க மாட்டோம். அவர்களும் சொல்ல மாட்டார்கள். புதிதாக வந்தவருக்குக் குளிருமே என்று ஒரு போர்வை மட்டும் கொடுப்போம்.

லாட்ரிஸுக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவள். ரத்த அழுத்தம் அவளுடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. வாய் மட்டும் குறையில்லாமல் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய புத்தகத்தோடு வருவாள். அட்டையில் துப்பாக்கி, குதிகால் செருப்பு, சட்டை போடாத ஒருவன். அவற்றில் ஒன்றின் பெயர் 'அவள் புருஷன், என் தோட்டா'. மற்றவற்றின் பெயரை என் வயதில் சொல்லக் கூடாது. ஒன்றை நான் இரவல் வாங்கிப் படித்தேன். நாற்பது பக்கத்துக்குள் ஒன்பது பேர் செத்தார்கள், பதினொரு பேர் படுத்தார்கள், அதில் மூன்று பேர் செத்தவர்கள்.

சிக்கல் அந்தப் புத்தகங்களின் ஒழுக்கம் அல்ல, நீளம். இயந்திரம் நான்கு மணி நேரம் ஓட வேண்டும். புத்தகம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசிப் பக்கத்தை மூடிய கையோடு லாட்ரிஸ் நர்ஸைக் கூப்பிடுவாள்.

"கிம்ப்ரா, அந்தக் காகிதத்தைக் குடு. கிளம்புறேன்."

அந்தக் காகிதம் என்பது, 'டாக்டர் சொல்லைக் கேளாமல் என் சொந்தப் பொறுப்பில் பாதியில் போகிறேன்' என்று நோயாளி கையெழுத்துப் போடும் காகிதம். லாட்ரிஸ் அதில் கையெழுத்துப் போட்டே எழுத்து அழகாகிப் போனவள். ஜனவரியில் டாக்டர் அவள் நாற்காலி அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நின்று பேசுகிற டாக்டர் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் வரிசைக்குத் தெரியும். இப்படியே பாதியில் போனால் கோடையைப் பார்க்க மாட்டாய் என்றார். பாதியில் போகிறவர்களின் பெயரை மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் சேர்க்கவும் மாட்டார்கள் என்றார்.

அவர் போனதும் லாட்ரிஸ் என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா மிஸ்டர் லெம்? கோடை இல்லையாம். நல்லதாப் போச்சு, வீட்டு ஏ.சி. ரிப்பேரு."

நான் சிரித்தேன். மிஸ் ஆர்னெட்டா சிரிக்கவில்லை.

மிஸ் ஆர்னெட்டா முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தவர். கறுப்புப் பெண்பிள்ளைகளின் கையில் தரமான புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பதே அவருக்கு வேலையும் வழிபாடும். பக்க முனையை மடித்த பிள்ளைகளின் பெயர்களை இன்றும் ஒப்பிப்பார். பக்க அடையாளத்துக்கு அவர் வைத்திருந்தவை அடக்க ஆராதனைத் தாள்கள். எங்கள் சர்ச்சுகளில் அடக்கத்துக்குப் போனால் செத்தவரின் வண்ணப்படம் போட்டு, பிறந்த நாளுக்கு உதயம் என்றும் இறந்த நாளுக்கு அஸ்தமனம் என்றும் அச்சடித்து ஒரு தாள் கொடுப்பார்கள். மிஸ் ஆர்னெட்டாவின் வயதில் அவை வீட்டில் குவிந்து கிடக்கும். எறிய மனம் வராது. "நூத்திப் பத்தாம் பக்கத்துல என் மைத்துனர் இருக்காரு" என்பார்.

"அந்தக் குப்பையை உன் கையில பாக்குறதுக்கே எனக்குக் கஷ்டமா இருக்கு, கண்ணு" என்று தொடங்கினார் அன்று.

"அப்ப கண்ணை மூடிக்கோங்க, மிஸ் ஆர்னெட்டா. எல்லாரும் அப்படித்தான் தூங்குறாங்க."

"நம்ம பொம்பளைங்களப் பத்தி எழுதினதுதானே அதுவும்? அதுல உன்னை மாதிரி ஒருத்தி வந்தா என்ன ஆவா, சொல்லு."

லாட்ரிஸ் யோசித்தாள். "பத்தாம் பக்கத்துல சுட்டுருவாங்க. பெரும்பாலும் தப்பான ஆளுன்னு நெனச்சு."

"நான் குடுக்குற புத்தகத்துல அவ எழுநூத்தி இருபது பக்கம் உயிரோட இருக்கா."

லாட்ரிஸ் தன் கையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்க எண்ணைத் திருப்பிப் பார்த்தாள். அவளை நான் அறிந்த இரண்டு வருஷத்தில் அது முதல் தடவை.

பிறகு சொன்னாள்: "எழுநூத்தி இருபது பக்கமும் அழுவாளா? சீரியஸான புத்தகம்னா அழுவாங்களே. அழுகை என் வீட்டிலயே இருக்கு. வாசல்ல செருப்பு மாதிரி கிடக்கு. அதைத் தாண்டித்தான் வண்டியேறி இங்க வரேன்."

"அழுவா. துணி வெளுப்பா. சண்டை போடுவா. காணாமப் போன தங்கச்சியத் தேடிக்கிட்டு ஊர் ஊராப் போவா. ஒரு இடத்துல அவ சிரிக்கிறதைப் படிச்சுட்டு நான் மூணு நாள் வேற ஒண்ணும் படிக்கல."

புதன்கிழமை அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். கெட்டி அட்டை, செங்கல் பருமன். லாட்ரிஸ் இடது கையை அசைக்க முடியாது. அதில்தான் இரண்டு ஊசிகள். வலது கையால் தூக்கினாள், மணிக்கட்டு மடங்கிப் புத்தகம் அவள் வயிற்றில் விழுந்தது, இயந்திரம் அலறியது.

"ஒத்தக் கையால இதைப் பிடிக்கணும்னா நான் குத்துச்சண்டைக்குல்ல போயிருக்கணும்!" என்றாள். "என் குப்பையப் பாருங்க, காத்து மாதிரி. ஏழைங்களுக்குன்னு கனமில்லாமப் போட்டுருக்கான் புண்ணியவான்."

ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுப் போனாள்.

வியாழக்கிழமை, பிப்ரவரி மாதம், மிஸ் ஆர்னெட்டா தன் சமையலறையில் ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்தார். அட்டையைப் பிய்த்தார். முதுகைப் பன்னிரண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் ஷூ நூலால் தைத்தார். அறுபது அறுபது பக்கம். அந்தப் புத்தகம் அவருக்கு அவருடைய அம்மா கொடுத்தது. வெள்ளிக்கிழமை எங்களைக் கூடத்துக்கு ஏற்றிவரும் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கொலை செய்துவிட்டு வந்தவர்போலக் கைகளை மடியில் வைத்திருந்தார்.

"ஒரு தடவை நாற்காலியில உக்காந்தா ஒரு துண்டு" என்றார். "இன்னைக்குள்ளத முடிச்சாத்தான் அடுத்தது. அவ மெதுவாப் படிப்பா, நாலு மணி நேரம் தாங்கும்."

லாட்ரிஸ் முதல் துண்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தையலைத் தொட்டாள்.

"மிஸ் ஆர்னெட்டா... நீங்களா அறுத்தீங்க?"

"படி."

படித்தாள். பக்கம் திருப்ப மூக்கைப் பயன்படுத்தினாள். ஒற்றைக் கைக்காரர்கள் அப்படித்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். பதினோராம் பக்கத்தில் நிறுத்தினாள். துண்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"கிம்ப்ரா" என்றாள். "காகிதம்."

மிஸ் ஆர்னெட்டா கண்ணை மூடிக்கொண்டார். கிம்ப்ரா காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்தாள். லாட்ரிஸ் பேனாவைப் பிடித்தாள். கவிழ்த்து வைத்த துண்டைப் பார்த்தாள். பேனாவைக் காதில் செருகினாள்.

"இரு" என்றாள். "இந்தத் தங்கச்சி ரயில் ஏறிட்டாளா இல்லையான்னு மட்டும் பாத்துட்டுப் போட்டுர்றேன்."

அந்தப் பேனா நான்கு மணி நேரமும் காதிலேயே இருந்தது. வீட்டுக்கும் அதோடுதான் போனாள்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் நம்பத்தான் வேண்டும், என் ரத்தத்தைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். லாட்ரிஸ் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மூன்றாம் துண்டில் முதலாளியம்மாள் சலவைக்காரியைத் திருடி என்று சொன்னபோது லாட்ரிஸின் அழுத்தம் இருநூற்றுப் பத்துக்கு ஏறியது. டாக்டர் ஓடிவந்து மாத்திரையைக் கூட்டாமல் எந்தப் பக்கம் என்று கேட்டார். அன்றிலிருந்து நோயாளி அட்டையில் எடை, அழுத்தம், பக்கம் என்று மூன்று கட்டம். குழந்தையைப் புதைக்கும் அத்தியாயத்தில் எங்கள் வரிசையில் பாதிப் பேருக்கு அழுத்தம் விழுந்துவிட்டது, ஏனென்றால் அதற்குள் அவள் சத்தமாகப் படிக்கத் தொடங்கியிருந்தாள். கிம்ப்ரா பதினாறு பேருக்கும் கால்களை உயர்த்தி வைத்தாள். இயந்திரங்கள் அலறுவதற்கு வாயைத் திறந்துவிட்டு அலறாமல் நின்றன. பனி தள்ளும் வண்டிக்காரன் ஜன்னலோரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் காதை வைத்தான். அந்த வாரம் எங்கள் சாலையில் மட்டும் பனி மூன்றடி நின்றது.

"உன் குப்பைய இப்ப யாருக்குக் குடுக்கிற?" என்று நான் லாட்ரிஸைக் கேட்டேன்.

"ஏன் கிழவரே, வேணுமா? அடுத்த பாகம் வந்திருக்கு. செத்தவன் மறுபடி எந்திரிச்சுட்டான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதைப் படிக்கிறப்ப நான் இங்க இல்லாத மாதிரி இருக்கும், மிஸ்டர் லெம். அதுக்குத்தான் படிச்சேன். இதைப் படிச்சா நான் இங்கதான் இருக்கேன். ஊசி, குளிரு, எல்லாத்தோடயும். ஆனா கூட ஒருத்தி இருக்கா."

இரண்டு துண்டுகளை வரிசையே மறுபடி படிக்கச் சொன்னதால், மார்ச்சில் பதினோராம் துண்டு முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கடைசித் துண்டு திங்களுக்கு. கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று லாட்ரிஸ் கெஞ்சினாள்.

"திங்கக்கிழமை வா" என்றார் மிஸ் ஆர்னெட்டா. "அவளும் இங்கதான் இருப்பா."

ஞாயிறு மதியம் மிஸ் ஆர்னெட்டா தன் சாப்பாட்டு மேசையில் தலை சாய்த்தார், பிறகு நிமிரவில்லை. எழுபத்தாறு வயது. அது சரியான வயதுதான். பெரியவர்கள் முதலில் போவதுதானே வரிசை. திங்கள் காலை ஏழாம் நாற்காலியில் தொப்பி போட்ட ஒரு மனிதர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். லாட்ரிஸ் தன் போர்வையை அவருக்குக் கொடுத்தாள். காகிதம் கேட்கவில்லை. நான்கு மணி நேரம் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

கடைசித் துண்டு மிஸ் ஆர்னெட்டாவின் கைப்பையில், மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. அடக்க ஆராதனையில் லாட்ரிஸ் எழுந்து நின்றாள். பேசுகிறவர்களுக்கு இரண்டு நிமிஷம் மட்டுமே என்று தாளிலேயே அச்சடித்திருக்கும். எங்கள் போதகர் மூன்றாம் நிமிஷத்தில் ஆர்கனை வாசிக்கச் சொல்லிவிடுவார். லாட்ரிஸ் அறுபது பக்கத்தையும் படித்தாள். இரண்டு மணி நாற்பது நிமிஷம். ஆர்கன்காரர் பெட்டியை மூடிவிட்டு அழுதார். ஒருவர் கையிலும் விசிறிகூட அசையவில்லை. தங்கை கிடைத்தாளா என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்களே படியுங்கள்.

மே மாதம் அவள் பெயர் பட்டியலில் ஏறியது. ஆகஸ்டில் சிறுநீரகம் கிடைத்தது. இப்போது அவள் பக்கத்து ஊரான இப்சிலாண்டியில் இருக்கிறாள். முடி பின்னும் கடையில் ஏழு மணி நேரம் உட்கார வரும் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் கெட்டி அட்டைப் புத்தகங்களைக் கொண்டுபோகிறாள். தடித்த புத்தகமாகப் பார்த்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துப் படித்துக் காட்டுகிறாள்.

அந்தப் பன்னிரண்டு துண்டுகளும் என்னிடம் இருக்கின்றன: முதல் துண்டின் பதினோராம் பக்கத்தில், மிஸ் ஆர்னெட்டா தன் கையால் செருகி என்னிடம் கொடுத்தபடியே, லாட்ரிஸ் குக்ஸியின் அடக்க ஆராதனைத் தாள் இருக்கிறது, அதில் அஸ்தமனம் என்ற இடத்தில் உள்ள தேதி, அவள் காகிதம் கேட்ட அந்தப் பிப்ரவரி வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு.