பிசிறில்லாத பட்டி

"அந்தத் துணி வேண்டாம்" என்று அம்மா சொன்னபோது, எதிர்வீட்டு நர்ஸ் அதை அப்பாவின் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலை வரை கொண்டுபோய்விட்டிருந்தாள். பழைய படுக்கை விரிப்பிலிருந்து அவசரமாகக் கிழித்த துண்டு. இரண்டு ஓரத்திலும் நூல் நூலாகப் பிசிறு தொங்கியது.

"வாய் மூடி இருக்கத்தானேக்கா. நேரமானா தாடை இறுகிடும்" என்றாள் நர்ஸ்.

"சட்டைக் காலர் உரசினாலே கழுத்து தடிச்சிடும் அவருக்கு. அவுத்துடும்மா."

நர்ஸ் பக்கத்தில் நின்ற இளைய மகளைப் பார்த்தாள். சின்னவள் தலையசைத்தாள். முடிச்சு அவிழ்ந்ததும் அப்பாவின் வாய் மறுபடி மெல்லத் திறந்துகொண்டது.

அம்மா எழுந்து முன்னறைக்குப் போனாள். அலமாரியைத் திறக்கும் சத்தம், கத்தரிக்கோல் ஓடும் சத்தம். பிறகு தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். தங்கை வீட்டில் சாவு என்று அடித்துப் பிடித்து வந்தவர் அவர். நேராக முன்னறைக்குப் போனார்.

"இப்ப மெஷின்ல உக்கார்ற நேரமா இது? வெளிய நாலு பேர் நிக்கிறாங்க. காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுக்கட்டும்."

மாமா சின்னவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாமே? எனக்கு என்னவோ சரியாப் படல. நீ போய்ச் சொல்லு."

 சின்னவளின் கை நைட்டிப் பைக்குள் இருந்தது. விரல்கள் ஒரு குடைக்கம்பியைப் பிடித்திருந்தன. காலையிலிருந்து அதை விடவே இல்லை.

அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே கை நமநமத்தது. அம்மா கடைகளுக்குப் பை வார், கவுன் பெல்ட் எல்லாம் தைத்துக் கொடுப்பவள். துணியை உள்பக்கம் வெளியே தெரியக் குழல் போலத் தைத்து, பிறகு அந்தக் குழலை நல்ல பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். தைப்பது ஒரு வேலை என்றால் திருப்புவது ஒன்பது வேலை. அம்மா ஊக்கைக் குத்தி, விரலால் தள்ளித் தள்ளித் திருப்புவாள். அதைப் பார்த்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. உறிஞ்சு குழலும் ஈர்க்குச்சியும், பேனாக் கூடும் பின்னல் ஊசியும் என்று நாளுக்கொன்று செய்து கொண்டுவந்து நீட்டினார். அம்மா "நல்லா இருக்கு" என்பாள். அவர் தலை மறைந்ததும் ஊக்கை எடுத்துக்கொள்வாள். சின்னவள் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

நேற்று சிரிக்க முடியவில்லை. அன்றே கொடுக்க வேண்டிய பட்டு பெல்ட்டை அம்மா இல்லாத நேரத்தில் அப்பா தானே எடுத்து, சைக்கிள் கம்பியால் திருப்பப் பார்த்தார். கம்பி முனை துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வேறு பட்டு இல்லை. திரும்பி வந்த அம்மா கத்திவிட்டாள்.

"பஸ்ஸை நோண்டின மாதிரி என் துணியையும் நோண்டணுமா? நீங்க செஞ்சது ஒண்ணாவது உருப்பட்டிருக்கா? இனிமே என் மெஷின் பக்கம் வராதீங்க."

 அப்பா ராத்திரி சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் பின்கட்டுப் படியில் சுவரோடு சாய்ந்திருந்தவரை முதலில் பார்த்தது சின்னவள்தான். மடியில் அரம். விரல்களுக்கு நடுவே இந்தக் குடைக்கம்பி. வேட்டி மடிப்பில் இரும்புத் தூள். அம்மா வருவதற்குள் கம்பியை உருவிப் பைக்குள் போட்டு, தூளையும் தட்டிவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கொடுத்தால் அம்மா உடைந்துவிடுவாளோ என்று ஒரு பயம்; கொடுக்காமல் வைத்துக்கொள்வது திருட்டு போலவும் இருந்தது.

மெஷின் நின்றது. சின்னவள் முன்னறைக்குள் போனாள்.

மடியில் வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்த நீளமான குழல். அம்மா ஊக்கை உள்ளே விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஊக்கு நடுவழியில் திறந்துகொண்டது. வெளியே எடுத்து மறுபடி விட்டாள். மறுபடியும் திறந்துகொண்டது. அம்மாவின் விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது. துணியில் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

சின்னவள் கம்பியை எடுத்து நீட்டினாள்.

அம்மா அதையே பார்த்தாள். "எங்க இருந்துச்சு?"

"கையில."

"யார் கையில?"

"அப்பா கையிலம்மா. காலைல."

உள்ளே மாமா யாரிடமோ வண்டி ஏற்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா கம்பியின் முனையைக் கட்டைவிரலால் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். அரத்தால் உருட்டி உருட்டித் தேய்த்து, பாசிமணி போல வழவழப்பாக்கியிருந்தது.

பிறகு குழலின் தைத்து மூடியிருந்த நுனியில் அதை வைத்து உள்ளே தள்ளினாள். துணி எங்கும் சிக்காமல் தனக்குள் தானே போனது. பாதிக்கு மேல் போய்க் கம்பி தீர்ந்துவிட்டது.

"நீளம் பத்தல" என்றாள் அம்மா. "எப்பவும் இப்படித்தான். ஒரு வார்த்தை அளவு கேட்டா என்ன?"

 சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து குழலின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா துணியைக் கம்பியின் மேல் சுருக்கிச் சுருக்கி ஏற்றினாள். வெளியே எட்டிப் பார்த்த நுனியை மகள் இழுத்தாள். பட்டி முழுசாகத் திரும்பி வந்தது. தையல் உள்ளே போய்விட்டது.

நர்ஸ் கட்ட வந்தபோது அம்மா கொடுக்கவில்லை. தானே தாடையைத் தூக்கி, பட்டியைச் சுற்றி, உச்சியில் முடிச்சுப் போட்டாள். வாய் மூடிக்கொண்டது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

"பெரியவ எங்க வந்துட்டு இருக்காளாம்?" என்று அம்மா கேட்டாள்.

"மத்தியானம் வந்துடுவாம்மா."

அம்மா தலையாட்டினாள். அப்பாவின் கன்னத்தில் இரண்டு நாள் தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. அதில் நர்ஸ் முதலில் கட்டிய கிழிசல் துணியிலிருந்து உதிர்ந்த வெள்ளை நூல்துணுக்குகள் ஒட்டியிருந்தன. எது நூல், எது முடி என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா குனிந்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.