நாலு பேருக்கான தேற்றம்

எனக்குத் தேற்றங்களைவிட அவற்றை நிரூபித்தவர்களின் கதைகள்தான் அதிகம் தெரியும். கல்லூரியில் கணிதம் நடத்துகிற ஒருவன் இதை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் போளூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடமாக என் வகுப்பில் பிள்ளைகள் தூங்காமல் இருப்பதற்கு அந்தக் கதைகள்தான் காரணம். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்காக ஆண்ட்ரூ வைல்ஸ் ஏழு வருடம் வீட்டு மாடியில் யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்து வேலை செய்ததைச் சொல்வேன். வரைபடம் எதுவானாலும், ஒட்டியிருக்கும் நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் தீட்ட நாலு நிறம் போதும் என்று கெம்ப் கொடுத்த நிரூபணம் தப்பு என்று கண்டுபிடிக்கப் பதினோரு வருடம் ஆனதைச் சொல்வேன். சொல்லும்போது என் குரலே மாறிவிடுகிறது என்று என் மனைவி தேவி கிண்டல் செய்வாள். மாறட்டுமே. கோயிலுக்குப் போனால் எல்லோருக்கும் குரல் மாறத்தான் செய்கிறது.

அப்படிப்பட்ட ஒரு ஆள் எங்கள் ஆசிரியர் அறையில், எனக்கு எதிர் மேசையிலேயே இருக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நதியா மேடம் ஜவ்வாது மலைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். வாரம் முழுக்க போளூரில் வாடகை வீடு, சனி ஞாயிறு மலையில் அண்ணன் விஜயராஜ் வீடு. அவர் ஓய்வு நேரத்தில் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எதையோ கிறுக்குவார், கிழிப்பார், மறுபடி கிறுக்குவார். நான் சம்பளக் கமிஷன் கணக்கு என்று நினைத்தேன். ஐந்து வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் என் கூர்மையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் பிடித்திருந்த கேள்வி, கேட்பதற்கு எளிது. உடைக்கவோ வெட்டவோ முடியாத பொருள்கள் ஒரு குவியல். பங்காளிகள் நாலு பேர். ஒருவன் கண்ணுக்கு ஆடு பெரிசு, இன்னொருவன் கண்ணுக்கு அண்டா பெரிசு. இருக்கிற எல்லாவற்றையும் நாலு கூறாகப் போட வேண்டும். அடுத்தவன் கூறைப் பார்த்து யாருக்கும் வயிறு எரியக் கூடாது. கொஞ்சம் எரியலாம், ஆனால் அந்தக் கூறிலிருந்து எந்த ஒரு பொருளை எடுத்துவிட்டாலும் எரிச்சல் அடங்கிவிட வேண்டும். எந்தக் குவியலையும், எந்த நாலு பேருக்கும் இப்படிப் பிரித்துவிட முடியுமா? மூன்று பேருக்கு முடியும் என்று நிரூபித்துவிட்டார்கள். நாலு பேருக்கு முடியுமா, முடியாதா என்பது மேடம் அந்தக் கேள்வியைப் பிடித்தபோது யாருக்கும் தெரியாது.

முடியும் என்று அவர் நிரூபித்தார். போன தையில் முப்பத்தோரு பக்கத்தை என் மேசைமேல் வைத்து, "படிச்சுப் பாருங்க சார். எங்க ஓட்ட கீதுன்னு சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பொய். முதல் நாள் முழுக்க வயிறு எரிந்தது. அப்புறம் பதினான்காம் பக்கம் வந்தது. அங்கே அவர் ஒரு பங்காளியின் கூறை இன்னொருவனுக்கு மாற்றி, அவனுடையதை மூன்றாமவனுக்கு மாற்றி, யாரும் நஷ்டப்படாமல் எல்லோரையும் ஒரு படி மேலே ஏற்றிவிடுகிறார். அதைப் படித்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இப்படி ஒரு யோசனை என் எதிர் மேசையில் பிறந்திருக்கிறது, நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொறாமைப்படுவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

மூன்று தரம் படித்தேன். தப்பு இல்லை என்று சொன்னேன். அவர் அதைச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் புருஷோத்தமன் என்கிற பேராசிரியருக்கு அனுப்பினார். திங்கட்கிழமை வந்து பேசுங்கள் என்று அவர் அழைத்துவிட்டார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை அவர்கள் ஊரில் பொதுப் புளி கூறு போடுகிற நாள். "வாங்க சார், இந்தக் கணக்கு எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க" என்று மேடம் கூப்பிட்டார். வகுப்பில் சொல்ல ஒரு கதை கிடைக்கிறது, விடுவேனா? மலை பஸ்ஸில் ஏறி, வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

ஊருக்குப் பொதுவாக இருபத்து மூன்று புளிய மரம். பங்காளிக் குடும்பங்கள் நாலு வகையறா. ஒவ்வொரு மரத்துப் புளியும் தனித்தனிக் குவியலாக இருந்தது. ஒன்று சதைப்பற்று, ஒன்று நார், ஒன்று கறுப்பு, ஒன்று வண்டு விழுந்தது. ஒரு மரத்துப் புளியை உடைத்து இரண்டு கூறில் போடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மேடத்தின் பெரியப்பா கோபால்சாமிதான் கூறு போட்டார். ஒரு குவியலை இங்கே தள்ளுவார், நாலு வகையறா முகத்தையும் பார்ப்பார், இன்னொன்றை அங்கே தள்ளுவார். மேடத்தின் பதினான்காம் பக்கத்தை அந்த மனிதர் கையால் செய்துகொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. மூன்று குவியல் மட்டும் எந்தப் பக்கம் தள்ளினாலும் யாராவது ஒருவர் முகம் சுருங்கியது. அவர் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. அந்த மூன்றையும் சாமிக்கல் பக்கம் ஒதுக்கச் சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"மொத்தம் எத்தனை கூறுங்க?" என்று அவரிடம் கேட்டேன். கதை சொல்கிறவனுக்கு எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமே.

"நாலு."

"அஞ்சு இருக்குதே?"

"அதுவா? அது சாமி கூறு சார். மிஞ்சினா சாமிக்கு. அத்த எண்ண மாட்டோம்."

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இலையில் சாமைச் சோறும் புளிக்குழம்பும் வந்தது. எண்ணாமல் விட்ட அந்த ஐந்தாவது கூறுதான் எனக்கு உறுத்தியது. கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்த மேடத்தின் முப்பத்தோரு பக்கத்தைத் திறந்தேன். மூன்று தரம் படித்தேன் என்று சொன்னேன் அல்லவா, மூன்று தரமும் மூன்றாம் பக்கத்திலிருந்துதான் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் வெறும் வரையறைகள். வரையறையை எவன் படிக்கிறான்? இப்போது படித்தேன். பங்கீடு என்றால் என்ன என்று மேடம் எழுதியிருந்தார். ஒரு பொருள் ஒருவருக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. எல்லாப் பொருளும் யாருக்காவது போயாக வேண்டும் என்று இல்லை. இருபத்தாறாம் பக்கத்தில் சில பொருள்கள் மிஞ்சின. அவற்றை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, பங்கீடு முடிந்தது என்று எழுதியிருந்தார்.

மிச்சம் விடலாம் என்றால் அது வேறு கேள்வி. அதற்கு ஏற்கெனவே வேறு ஆட்கள் விடை கண்டுவிட்டார்கள். மிச்சம் வைக்காமல் பிரிப்பதுதான் யாருக்கும் முடியாமல் இருந்தது.

"இன்னா சார், சாப்புடாம ஒக்காந்துகினு இருக்கீங்க?" என்று மேடம் வந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு அவ்வளவு வெளிச்சம். சொல்லாமல் ஊருக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், யோசித்தேன்.

"மேடம், இருபத்தாறாம் பக்கத்துல மிஞ்சின பொருளு எங்க போச்சு?"

"மிஞ்சினதா? அது..." என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். கை தானாகச் சாமிக்கல் பக்கம் போனது. பாதியில் நின்றது. அப்படியே நீட்டிய கையோடு நின்றார்.

பிறகு கோபம் வந்தது. "மூணு வாட்டி படிச்சேன்னு சொன்னீங்களே சார்! மூணு வாட்டி!" என்று கத்தினார். விஜயராஜ் சோற்றிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாங்கிக்கொள்ள வேண்டிய வசவுதான்.

மேடம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாறைமேல் உட்கார்ந்தார். மிஞ்சியதை நாலு பேருக்கும் எப்படியாவது ஏற்றிவிட முடியுமா என்று பார்க்கிறார் என்று தெரிந்தது. ஐந்து வருடமாகச் சம்பளக் கணக்கு என்று நினைத்த கிறுக்கலை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். எழுதுவதும் அடிப்பதும் எழுதுவதுமாக வெயில் சாயும்வரை இருந்தார். வெறுங்கையோடு இறங்கி வந்து பெரியப்பாவிடம் கேட்டார்.

"பெரிப்பா, சாமி கூறு இல்லாம கூறு போட முடியாதா?"

"எப்பிடிம்மா முடியும்? அடிதடி ஆய்டும்" என்றார் கோபால்சாமி. மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், திங்கக்கெழம பேசிட்டு வந்துடுங்க. அப்பால சரி பண்ணிக்கலாம். வைல்ஸ் பேசறப்பகூட அவர் நிரூபணத்துல ஓட்ட இருந்துச்சு. ஒரு வருசம் கழிச்சுத்தான் அடைச்சாரு" என்றேன். என் கதைகள் ஒரு நல்ல காரியத்துக்கு உதவட்டும் என்று நினைத்தேன்.

"அவரு ஓட்ட இருக்குதுன்னு தெரியாம பேசினாரு சார். எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றார்.

பத்தொன்பது வருடமாக அந்தக் கதையைச் சொல்கிறேன். அந்த வித்தியாசம் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

அங்கே பாறை உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். ஏறிப்போய்ப் புருஷோத்தமனைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "சார், என் நிரூபணம் தப்பு. ரெண்டாம் பக்கத்துலயே தப்பு. திங்கக்கெழம நிறுத்திடலாங்களா?" அவர், தப்பு எங்கே என்பதையே வந்து பேசுங்கள் என்றாராம்.

திங்கட்கிழமை நானும் சென்னைக்குப் போனேன். அறையில் கேட்க வந்திருந்தவர்கள் பதினாறு பேர். மேடம் கரும்பலகையில் தேற்றத்தை எழுதினார். அதன்கீழே, இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார். பிறகு ஐம்பது நிமிடம், தன் ஐந்து வருடத்தைத் தானே ஒவ்வொரு கட்டாகப் பிரித்துக் காட்டினார். எது நிற்கிறது, எது நிற்கவில்லை, எந்த இடத்தில் தன் ஊர்ப் பழக்கம் தன்னை ஏமாற்றியது, எல்லாம். தன்மேல் இரக்கம் வரும்படி ஒரு வார்த்தை இல்லை. மிச்சம் விட்டால் முடியும், அது பிறர் முன்பே கண்டது என்று அவர்கள் பெயரையும் மறக்காமல் எழுதினார். கெம்பின் தப்பை வேறொருவர்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே அந்த வேலையைத் தப்பு செய்தவரே செய்துகொண்டிருந்தார்.

முடிந்ததும் கடைசி வரிசையில் இருந்த அபிநயா என்ற ஆராய்ச்சி மாணவி எழுந்தாள். "மேடம், அந்த வரையறைய நான் போன வாரமே படிச்சேன். எனக்கு ஒண்ணுமே தோணல. நீங்க சொல்லலேன்னா ஜர்னல்லகூட வந்திருக்கும். உங்க பேர்ல தேற்றம் இருந்திருக்கும்" என்றாள்.

"இருந்திருக்கும்மா" என்றார் மேடம். சாக்பீஸ் தூளைப் புடவையில் தட்டிக்கொண்டார். "ஆனா மிச்சம் வெக்காம நாலு பேருக்குப் பிரிக்க முடியுமா, முடியாதான்னு எனக்கு இன்னும் தெரியாதே. எனக்கு அதுதான தெரியணும்."

பதினாறு பேரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன்.