ரசத்துக்கு வாங்கிய சோறு

எங்கள் விடுதிச் சமையல்கட்டில் அதிகமாகச் சத்தம் போடும் பாத்திரம் நான்தான் என்பார் என் கணவர் ராஜராஜன். அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சரியாகத்தான் சொல்கிறார்.

பெரம்பலூரில் ஒரு நர்சிங் கல்லூரியின் பெண்கள் விடுதி அது. நூற்று எண்பது பிள்ளைகள். பதினோரு வருடமாகச் சமையல்கட்டுக்கு நான்தான் பொறுப்பு. சமைக்கப் பொன்னாயியும் இன்னும் இரண்டு பேரும், பாத்திரம் கழுவச் செங்கமலம். எங்கள் ஐந்து பேர் வேலையும் இந்த வருடம் போயிருக்க வேண்டியது. போகவில்லை. அதற்கு யாருக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமோ, அவளிடம் அதுவரை நான் ஒழுங்காக நாலு வார்த்தை பேசியதுகூட இல்லை.

பொங்கல் லீவு முடிந்து விடுதி திறந்த வாரம், பின்தெருக்காரர்கள் கல்லூரி முதல்வரிடம் மனு கொடுத்துவிட்டார்கள். மிஞ்சுகிற சோறு, குழம்பு எல்லாவற்றையும் விடுதிக்குப் பின்னால் ஒரு குழியில் கொட்டுவது எங்கள் வழக்கம். நாற்றம், ஈ, நாய்ச் சண்டை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வார்டன் ஆர்த்தி மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"லீலாவதியம்மா, மார்ச் கடைசிக்குள்ள அந்தக் குழி இருக்கக் கூடாது. இல்லாட்டி சமையலையே வெளி ஆளுங்ககிட்ட விட்டுடலாம்னு முதல்வர் சொல்லிட்டாரு. அவங்க வண்டியில கொண்டாந்து கொடுத்துட்டு, மிச்சத்தையும் அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்."

"அப்ப நாங்க?"

அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் முழுவதும் பிள்ளைகள் மீதுதான். நெய்வேலியிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்து படிக்கிறவர்கள், வாங்கிய சோற்றைத் தின்ன முடியாதா? சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினேன். கழிவு வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொட்ட வருகிற ஒவ்வொருத்தியையும் முறைத்தேன். மூன்றே நாளில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சோற்றின் மேல் வாழைப்பழத் தோலைப் போட்டு மூடிக் கொட்டினார்கள். இன்னும் சிலர் கை கழுவும் தொட்டியில் தள்ளிவிட, அது அடைத்துக்கொண்டு கூடமெல்லாம் தண்ணீர். வாளி மட்டும் எப்போதும்போல நிரம்பியது.

அப்புறம்தான் உரம் போடலாம் என்று ஆர்த்தி மேடம் இரண்டு நீல டிரம் வாங்கிக் கொடுத்தார். "இது எனக்குத் தெரியாததா மேடம்" என்று வாங்கிக்கொண்டேன். நான் பிறந்தது விக்கிரமங்கலத்தில். எங்கள் வீட்டில் நான்கு மாடு. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிஞ்சிய பழையது எல்லாம் ஒரே கழுநீர்ப் பானைக்குத்தான் போகும். சாயங்காலம் ஒரு கோல் விட்டுக் கலக்கினால் மாடு வாளியை நக்கிவிட்டுத்தான் தலையைத் தூக்கும். நானும் டிரம்மில் அப்படியே செய்தேன். சோறு, சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றையும் ஊற்றி, கட்டியாக இருக்கிறதே என்று இரண்டு குடம் தண்ணீரும் விட்டு, நன்றாகக் கலக்கி, நாற்றம் வெளியே வராமல் இறுக்கி மூடினேன். பாதி ஊருக்கு உரம் கொடுக்கப் போகிறவள் மாதிரி ஒரு பெருமிதம் வேறு.

ஆறாம் நாள் மூடியைத் திறந்தேன். அந்த வாடையைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். பொன்னாயி அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். புழு டிரம்மின் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது. பின்தெருவில் யாரோ சன்னலை அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் திரும்பிச் செங்கமலத்தைப் பிடித்துக்கொண்டேன். வாளியைக் கழுவுகிறவள் அவள்தானே.

"வாளிய ஒழுங்கா கழுவித் தொலைச்சிருந்தா இந்தக் கதி வருமா? எல்லாரு பொழப்புலயும் மண்ணைப் போடப் பாக்குறியா?"

எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். குழாயடி ஆணியில் அவளுடைய தூக்குச்சட்டி தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அதைக் கையோடு கொண்டு வருவாள், போகும்போது எடுத்துப் போவாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் காலை டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. பிரித்துப் பார்த்தேன். மக்காச்சோளம் அடித்த சக்கையும் காய்ந்த தோகையும்.

"இது யாரு கொண்டாந்தது?"

"நாந்தான்க்கா. எங்க ஊர்ல இப்ப சோளம் அடிக்கிறாங்க. ரோட்டோரத்துல குவிச்சுப் போட்டு எரிக்கத்தான் போறாங்க. கேட்டேன், அள்ளிக்கன்னுட்டாங்க." செங்கமலம் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க கழுநீர்ப் பானை கணக்கா கலக்கிட்டீங்கக்கா. கலக்கி வச்சா மாடு குடிக்கும். மண்ணு குடிக்காது. வறவறன்னு இருந்தாத்தான் அது திங்கும்."

"மொத நாளே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கோவமா இருந்தீங்க" என்றாள்.

பதினோரு வருடமாகவா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கும் ஆமாம் என்றுவிடுவாளோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

அன்று டிரம்மைக் கவிழ்த்து நீரை வடியவிட்டோம். அடியிலும் பக்கத்திலும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டோம். அடியில் ஒரு சாண் சக்கை, அதன் மேல் நீர் வடித்த சோறும் காய்த்தோலும், அதன் மேல் தோகை, ஒரு கை பழைய சாணம். மூன்று நாளைக்கு ஒரு தரம் கிளறிவிட வேண்டும். கை வைத்தால் சூடு தெரிய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. இதெல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் செய்தவை. பத்தாம் நாள் நாற்றம் போய்விட்டது. புழுவும் இல்லை. ஆனால் மிச்சச் சோறு வந்துகொண்டே இருந்தது. இரண்டு டிரம்மும் நிரம்பி, அப்புறம் வாங்கிய மூன்றாவதும் நிரம்பப் போகிறது. பிப்ரவரி பாதி ஆகிவிட்டது.

அந்த வாரம் ஒரு நாள் அவளிடம் நானாகப் போய்க் கேட்டேன். "செங்கமலம், தட்டெல்லாம் நீதான பாக்குற. என்னதான் மிச்சம் வைக்குதுங்க?"

"வெள்ளைச் சோறுக்கா. குழம்பே படாத சோறு. ரசத்துக்குன்னு வாங்கினது."

எனக்கு உடனே புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். வரிசையில் ஒரு முறைதான் சோறு வாங்கலாம், திரும்ப வரக் கூடாது என்பது எங்கள் விடுதிச் சட்டம். அதனால் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்றுக்கும் சேர்த்து முதலிலேயே தட்டு நிறைய வாங்கிவிடுகிறார்கள். குழம்புச் சோறு தின்றதுமே பாதி வயிறு நிறைந்துவிடுகிறது. மீதி ஆறிப் போய் அப்படியே வாளிக்கு வருகிறது.

"பந்தியில யாராச்சும் மூணு சோத்தையும் ஒண்ணா போடுவாங்களாக்கா?" என்றாள்.

அந்தச் சட்டத்தைப் போட்டது நான்தான். கூட்டம் முண்டுகிறது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோபத்தில் போட்டது. என் வீட்டுக் கல்யாணத்தில் யாராவது இப்படிப் பரிமாறியிருந்தால் அவனை அன்றைக்கே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். பிள்ளைகளை ஒரு மாதம் முறைத்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"சரி, மேசை மேசையா ரெண்டாவது சோறு கொண்டு போக ஆளு?"

"தட்டு விழுற வரைக்கும் நான் சும்மாதான நிக்கிறேன். நான் போறேன்."

மறுநாளிலிருந்து வரிசையில் ஒரு கரண்டிதான். அப்புறம் செங்கமலம் சோற்று வாளியோடும் பொன்னாயி ரச வாளியோடும் மேசைகளுக்கு இடையே போனார்கள். "ரசத்துக்குப் போடவா பாப்பா? போதுமா? மோருக்கு இன்னொரு தடவை வரேன்." முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் "அக்கா, இங்க" என்று கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் நான்கு குண்டான் சோறு வடித்த இடத்தில் மூன்று போதும் என்றாகிவிட்டது. அந்த மூன்றிலும் மிச்சமில்லை. வாளிக்கு வந்தவை முருங்கைச் சக்கையும் கறிவேப்பிலையும்தான்.

இதை வீட்டில் சொன்னபோது ராஜராஜன், "எனக்கும் ரசச் சோத்தைத் தனியா போடேன், புண்ணியமாப் போவும்" என்றார். இத்தனை வருடமாக நான் பார்க்காத நேரத்தில் காக்கைக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம். இப்போது எங்கள் மொட்டை மாடியிலும் உரம் போட இரண்டு மண்பானை இருக்கிறது. கிளறுவது அவர் வேலை.

மார்ச் கடைசி வாரம் முதல்வரே பின்பக்கம் வந்தார். குழி இருந்த இடத்தில் மண் போட்டு மூடியிருந்தது. முதல் டிரம்மிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். மழை பெய்த மண் வாசனை. முகர்ந்து பார்த்துவிட்டு, "நீங்களே தொடர்ந்து பாருங்கம்மா" என்றார். ஆர்த்தி மேடம் என் தோளைத் தொட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐந்து வீட்டு அடுப்பு அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

ஓடிப் போய்க் குழாயடியில் சொன்னேன். செங்கமலம் கையைச் சேலையில் துடைத்தபடி சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். நானே அவளுடைய தூக்கை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போனேன். எடுத்ததும் கை சட்டென்று மேலே போனது. உள்ளே ஒன்றுமில்லை.

"என்ன, காலியா கெடக்கு?"

"அது காலிதான்க்கா."

"அப்பறம் எதுக்குத் தெனம் தூக்கிட்டு அலையற?"

பொன்னாயிதான் சொன்னாள். "குண்டான்ல மிஞ்சற சோத்தை அதுலதான் எடுத்துட்டுப் போவும். புள்ளைங்க ரெண்டுக்கும் ராத்திரிக்கு. இப்பத்தான் மிஞ்சறதே இல்லையே."

நான் செங்கமலத்தைப் பார்த்தேன்.

"வூட்டுல அரிசியெல்லாம் இருக்குக்கா" என்றாள் அவசரமாக. "பஸ்ஸ வுட்டு எறங்கி, அடுப்பு பத்த வைக்கத்தான் தெம்பு இருக்காது. வேற ஒண்ணும் இல்ல."

"இது ஒனக்கு மொதல்லயே தெரியும். மிச்சமில்லாமப் போனா ஒனக்கு இல்லைன்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

"இல்லாட்டி அஞ்சு பேருக்கும் இல்லையே" என்றாள். தூக்கை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இத்தனைக்கும் என் வாய் எதற்கும் அஞ்சாத வாய்.

மறுநாள் காலை ஆர்த்தி மேடத்திடம் போய், வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டில் அவள் வீட்டு இரவுச் சோற்றையும் சேர்க்க வேண்டும் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். உடனே சரி என்றார். அரிசி அளக்கும்போது மூன்று பேருக்குக் கூட அளந்தேன். சோறு வடித்து, குண்டான் மூடியைத் திறந்ததும், பிள்ளைகள் வரிசைக்கு ஒரு கரண்டி போவதற்கு முன்னால், ஆணியிலிருந்த தூக்கை எடுத்து நானே நிரப்பினேன். மேல் தட்டில் குழம்பு, சின்னக் கிண்ணத்தில் ரசம் தனியாக.

சாயங்காலம் தூக்கை எடுத்தவள் நின்றாள். மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இம்புட்டு எதுக்குக்கா? மிஞ்சிப் போவுமே."

"மிஞ்சுனா நாளைக்கு வந்து சொல்லு, கொறைச்சுக்கறேன்" என்றேன். குரல் வழக்கம்போல அதட்டலாகத்தான் வந்தது. கண் மட்டும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. "நீ சொன்னா கேப்பேன் செங்கமலம். இனிமே எதுவா இருந்தாலும் மொத நாளே சொல்லு."

மறுநாள் காலை வந்ததும் தூக்கைக் கழுவி ஆணியில் மாட்டினாள். "சரியா இருந்துச்சுக்கா" என்றாள்.