சாம்பல் நாரைக் கம்பெனியின் சரக்கு

"இந்தக் கம்பெனிக்காரங்க யாராவது வரட்டும் சார். கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்துடறேன்" என்றாள் மார்ஷா கெஸ்லர்.

வெண்டல் ப்ரூயிட் அடுக்கி நின்ற பெட்டிகளைப் பார்த்தான். எப்படி வருவார்கள்? அப்படி ஒரு கம்பெனியே உலகத்தில் கிடையாது. அது அவன் தலைக்குள் பிறந்தது.

இண்டியானாபொலிஸுக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, ஜன்னலே இல்லாமல் நீண்டு கிடக்கும் கிடங்குகளில் ஒன்று அது. சின்னப் பதிப்பகங்களின் புத்தகங்களை இறக்கி வைத்து, பொட்டலம் கட்டி அனுப்புவது கிடங்குக்காரர்களின் தொழில். போன வாரம் திவாலானார்கள். நீதிமன்றம் பூட்டுப் போட்டது. உள்ளே இருப்பதை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும், ஆள் வராததை ஏலம் விடவும் மார்ஷாவை அனுப்பியது. மற்ற பதிப்பாளர்கள் வந்தார்கள். பெட்டியில் தங்கள் பெயரைக் காட்டினார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெண்டலுடையது மட்டும் அப்படியே நின்றது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நடத்திப் போகிற ஆட்டம். அதன் விதிகளும் வரைபடங்களும் அடங்கிய தடிப் புத்தகம். இன்ஷூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு எழுதியது. இணையத்தில் முன்பணம் கட்டியவர்களிடம் ஏற்கெனவே இரண்டு முறை தவணை சொல்லியிருந்தான். நாளை ஊருக்குள் விளையாட்டுத் திருவிழா தொடங்குகிறது. அங்கே கையில் கொடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்யாத குறை. இந்தத் தடவையும் தவறினால் அவன் பெயரை நம்பி இனி எவனும் ஒரு டாலர் நீட்ட மாட்டான்.

பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஆட்டம் தொடங்கிவிட வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. அதனால் பெட்டிமேல் பதிப்பகத்தின் பெயர் இல்லை, புத்தகத்தின் பெயரும் இல்லை. கதையில் வரும் கடத்தல்காரர்களின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லியிருந்தான்: சாம்பல் நாரை உப்புக் கம்பெனி. கிடங்குக்காரன் பார்த்ததைக் கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றிவிட்டான். "பெட்டிக்கு எதுக்குய்யா வேஷம்?" என்று அப்போதே கேட்டவள் அவன் மனைவி க்ரெட்சன். இப்போது அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மார்ஷா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டியின் பக்கவாட்டைப் படித்தாள். "'கேப்டனின் முத்திரை மோதிரம் காட்டாத எவரிடமும் இச்சரக்கை ஒப்படைக்கலாகாது.' தெளிவாப் போட்டிருக்கே சார்."

"அது நான் எழுதினது மேடம். கதைக்காக."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நான் நம்பிட்டேன்."

அச்சகத்தின் பில்லை நீட்டினான். அதில் புத்தகத்தின் பெயர் இருந்தது. பெட்டியில் அந்தப் பெயர் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு பெட்டியப் பிரிச்சுப் பாருங்களேன். உள்ள அட்டையிலயே இவர் பேரு இருக்கு" என்றாள் க்ரெட்சன்.

"பிரிச்சப்புறம் உப்புக் கம்பெனிக்காரன் வந்து நின்னா? சீல் ஏன் ஒடச்சேன்னு என்னையில்ல கேப்பான்."

"அவன் வரவே மாட்டான்."

"நேத்து ஒருத்தர் இப்படித்தான் அடிச்சுச் சொன்னார். நம்பி அனுப்பினேன். இன்னிக்குக் காலைல நிஜ சொந்தக்காரன் வந்து நிக்கறான். என் வேலை போகப் பாத்துது." அவள் குரலில் கோபம் இல்லை. "நீதிபதிக்கு மனு போடுங்க. ஒன்றரை மாசத்துல பதில் வரும்."

"ஏலம் எப்போ?" என்று கேட்டான் வெண்டல்.

"வெள்ளிக்கிழமை."

க்ரெட்சன் அவனை ஓரமாக இழுத்தாள். "பேசாம ஒரு மோதிரம் செஞ்சு போட்டுட்டு வந்துடேன். கேப்டன் நீதானே." வாய் கேலி பேசியது, கண்ணில் கேலி இல்லை. வெண்டல் ஒரு கணம் அதை நிஜமாகவே யோசித்தான். நீதிமன்றப் பூட்டுக்குள் பொய்ப் பெயரில் கையெழுத்து. பகடையில் எத்தனையோ தடவை ஜெயித்த தந்திரம். இங்கே மாட்டினால் ஜெயில்.

மனுவை வாங்கிக்கொண்டான். 'உரிமையாளருக்கும் தங்களுக்கும் உள்ள உறவு' என்ற இடத்தில் பேனா நின்றது. 'அவரைப் படைத்தவன்' என்று எழுதினான். அடித்தான். 'தெரிந்தவர்' என்று எழுதினான். எட்டிப் பார்த்த க்ரெட்சன் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் முகம் கோணிக்கொண்டு போனது. காருக்குப் போகிறேன் என்று வெளியே நடந்தாள்.

ஏலத்துக்கு முன் சரக்கைப் பார்வையிட ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வேலைக்கான ஓவரால் உடுப்பு போட்ட ஒரு பெரியவர் வெண்டலின் அடுக்கு முன்னால் வந்து நின்றார்.

"உள்ள என்னன்னு தெரியுமாப்பா?"

வெண்டல் சொன்னான். கடலுக்குள் பாதி முழுகிய துறைமுகம், உப்புக்கு வரி போடும் ராணி, இரவில் படகு தள்ளும் கடத்தல்காரர்கள், ராணியின் மகளே அவர்களோடு சேர்ந்துகொள்வது. சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. பெரியவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டார்.

"பழைய பேப்பர் விலைக்குத் தேறும், இல்ல?" என்றார்.

பெரியவர் ஒரு பெட்டியின் மூலையைத் தூக்கிக் கனம் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த அடுக்குக்கு நகர்ந்தார்.

மூலையில் பிளாஸ்டிக் உறை கிழிந்து தொங்கியது. வெண்டல் குனிந்து அதை இழுத்து, பெட்டிக்கு ஈரம் படாதபடி சுற்றி, ஓரத்தை உள்ளே செருகினான். பின்னால் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி 'பீப் பீப்' என்றது. விலகி நின்றான்.