பூஞ்சணம் பிடித்த புளியங்கொட்டைக் கூழ்

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது பானையைக் கவிழ்த்துக் கொட்டுவார்களா? மீனம்மா கொட்டவில்லை. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு ஓடிவந்தவள். இப்போது கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயப் பண்ணையில், ஆராய்ச்சி அறைக்கு நாட்கூலி. இரண்டு பிள்ளைகளின் சோறும் அந்த வேலையில்தான் இருந்தது.

ஆராய்ச்சி செய்தவர் கமலேஸ்வரி. வயலில் களையைக் கொல்ல அடிக்கும் புல்லு மருந்து காற்றில் வந்து பட்டால், கௌபிப் பயற்றுச் செடி கண்மண் தெரியாமல் வளர்ந்து முறுகிச் செத்துப்போகும். செடியின் வளர்ச்சி ஹோர்மோன் செய்கிற வேலையைத்தான் அந்த மருந்தும் செய்கிறது, அளவில்லாமல். செடியின் கலச்சுவரில், அதாவது செல்லின் சுவரில், உள்ள சர்க்கரையைக் கொண்டே அதை அடக்க முடியுமா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சர்க்கரை புளியங்கொட்டையில் தாராளமாக உண்டு. மீனம்மா கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்துக் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். அடங்கினால்தானே! மருந்தில் போட்ட பத்து மில்லிமீற்றர்க் கௌபித் தண்டுத் துண்டு, கூழ் சேர்த்தாலும் பதினாலாக நீண்டது.

"சரிவராது. மிச்சத்தைக் கொட்டிப்போட்டுக் கழுவி வையுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கமலேஸ்வரி போய்விட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கொட்டிக்கொள்ளலாம் என்று மீனம்மா பானையை மூடிவைத்தாள்.

திங்கட்கிழமை திறந்தால், சாம்பல் நிறத்தில் மொசமொசவென்று பூஞ்சணம்! மேற்பார்வையாளர் வீரபாகு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"ஆராய்ச்சி அறையில பூஞ்சணம் வளக்கிறியோ? நாளையிலயிருந்து வராதை!"

வாயை மூடிக்கொண்டு போகிற சாதி இல்லை மீனம்மா. சத்தம் கேட்டு உள்ளே வந்த கமலேஸ்வரியிடம் திரும்பினாள்.

"போறேங்க. ஆனா மிஸ், கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க. பசை மாதிரி இருந்த கூழு, வெறுந்தண்ணியா ஓடுது."

கமலேஸ்வரி எட்டிப் பார்த்தார். பிறகு அதை வடிக்கத் தொடங்கினார். மீனம்மா வீட்டுக்குப் போனாள்.

நான்கு நாள் அடுப்பு அரைகுறையாக எரிந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசலில் சைக்கிள் மணி. மூச்சு வாங்க நின்றது வேறு யாருமில்லை, கமலேஸ்வரி!

"மீனம்மா, அடங்கிப்போச்சு! வடிச்சுக் கொதிக்க வைச்சுச் சேத்தன். அதே மருந்துதான், துண்டு பதினொண்டைத் தாண்டேல்லை. அரிசிக் கஞ்சியிலயும் அந்தப் பூஞ்சணத்தை வளத்துப் பாத்தன். அதிலை ஒண்டும் நடக்கேல்லை. ஆக, பூஞ்சணமில்லை, புளியங்கொட்டைச் சர்க்கரைதான்! நீளச் சங்கிலியா இருக்கேக்கை சும்மா கிடந்தது. பூஞ்சணம் சின்னச் சின்னத் துண்டா வெட்டிவிட்ட உடனைதான் வளர்ச்சியைப் பிடிச்சு நிறுத்துது. நான் சொன்னபடி கொட்டியிருந்தா எல்லாம் போயிருக்கும். வாங்கோ, ஏறுங்கோ!"

மீனம்மா அழுதாள், சிரித்தாள், சேலையை உதறிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். பண்ணையின் ஆராய்ச்சிக் குறிப்புக் கொப்பியில் அந்தத் தண்ணீருக்கு 'மீனம்மா வடிநீர்' என்று பெயர் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, நிரந்தர வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்து கமலேஸ்வரியின் கையெழுத்து.

அன்றைக்கே புதுக் கூழ் காய்ச்சினார்கள். இருட்டுகிற நேரம், மிச்சக் கூழைக் கண்ட வீரபாகு பழக்கதோசத்தில் பானையைச் சரிக்கப் போனார்.

"ஐயா!" மீனம்மா அதட்டினாள். "வெள்ளிக்கிழமைங்க. கைய எடுங்க."

வீரபாகு கையை எடுத்தார்.